எச்சில் விரல்

எனக்கு அருவருப்பு கொஞ்சம் ஜாஸ்தி. வேறு யாராவது வாய் வைத்த டம்ளர் என்று தெரிந்தால் அந்தத் தண்ணீர் தொண்டைக்குக் கீழே இறங்காது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் இறங்கியதும் கை கழுவியாக வேண்டும். "மகாராணி வயித்துல பொறக்க வேண்டியவ, தப்பி எனக்குப் பொறந்துட்டா" என்று அம்மா சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள். அப்படிப்பட்டவளிடம் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலையில் ஒரு முதுகுப் பையைக் கொடுத்தார்கள். எனக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவன் விட்டுவிட்டுப் போன பை. ஜிப்பைத் திறந்தேன். கருவாட்டு வாடை குப்பென்று அடித்தது. அடியில் என்னவோ பிசுபிசுவென்று கையில் ஒட்டியது.

"என்னங்ண்ணா இது, உள்ள என்னமோ செத்துக் கெடக்குதா?" என்றேன்.

சிவக்குமார் அண்ணன்தான் எங்கள் ஹப்புக்குப் பொறுப்பு. ஹப் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஷட்டர் கடை. காலையில் சேலத்திலிருந்து வேன் ஏறி வரும், பார்சல்களைக் கொட்டிவிட்டு இறங்கிப்போகும். நாங்கள் அதை ஊர்வாரியாகப் பிரித்து வண்டியில் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

"எப்பவோ ஒரு கருவாட்டுப் பார்சல் ஒடைஞ்சு போச்சு சாமி. நாலு நாள் போனாப் பழகிரும்" என்றார் அவர்.

பழகிருமாம். அந்த ஹப்பில் எதைக் கேட்டாலும் இந்த ஒரே பதில்தான். நான் பையை வீட்டுக்குக் கொண்டுபோய் மூன்று தடவை துவைத்தேன். வாடை போகவில்லை.

என் பெயர் மோனிஷா. ஊர் வெள்ளக்கடை. பி.காம். முடித்து ஒரு வருஷம் சும்மா இருந்தேன். அம்மா இருபத்திரண்டு வருஷமாக எங்கள் ஊர் எஸ்டேட்டில் காபிப் பழம் பறிக்கிறாள். "எங்கூட வா, கணக்கு எழுதற ரைட்டர்கிட்டச் சொல்லிப் பேர் எழுதச் சொல்றேன்" என்று அவள் கூப்பிட்டபோதெல்லாம் நான் வரமாட்டேன் என்றுவிட்டேன். வேலைக்குப் பயந்து இல்லை. கேட்டுக்குப் பயந்து. பழ சீசனில் சாயங்காலம் வேலை விட்டுத் திரும்பும் பெண்கள் எஸ்டேட் கேட்டில் பையைக் கொட்டிக் காட்ட வேண்டும், மடியை உதறிக் காட்ட வேண்டும். பழமும் மிளகும் ஒளித்து எடுத்துப்போகிறார்களாம். சின்ன வயதில் அம்மாவோடு போயிருந்தபோது ஒருத்தன் பல்லைக் காட்டிக்கொண்டு "இன்னுங் கொஞ்சம் நல்லா உதறு" என்று சொன்னதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அம்மாவும் உதறினாள். தெருத்தெருவாக அலைந்தாலும் சரி, அந்த கேட்டில் போய் நிற்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். பார்சல் வேலை கிடைத்ததும் பழைய ஸ்கூட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு கிளம்பியது அதனால்தான்.

தெருத்தெருவாக அலைவதிலும் அசிங்கத்துக்குக் குறைச்சல் இல்லை. டூர் வருகிற ஜனங்கள் தாங்கள் தங்கப்போகும் இடத்தின் விலாசத்துக்கு முன்கூட்டியே ஸ்வெட்டர் ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். ரெண்டு நாள் அதைப் போட்டுக்கொண்டு லேக்கைச் சுற்றுகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள். திங்கட்கிழமை "சைஸ் சரியில்லை" என்று திருப்பிக் கொடுக்கிறார்கள். திருப்பி வாங்கும்போது நான் அதை விரித்து நாலு பக்கமும் போட்டோ எடுக்க வேண்டும், லேபிள் இருக்கிறதா என்று கழுத்துப்பட்டையைப் புரட்டிப் பார்க்க வேண்டும். ஒரு ஸ்வெட்டரின் கை முழுக்கச் சில்லி சிக்கன் மசாலா. இன்னொன்றில் கொண்டை ஊசி வளைவில் எடுத்த வாந்தி. கருமம்! அதைக் கொடுத்த அம்மா, கழுத்தில் இருந்த சங்கிலியைச் சரிசெய்துகொண்டே, "புதுசுதான், பிரிக்கவே இல்லை" என்றாள். இவர்களெல்லாம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டால் சோறு இறங்குமா?

இதைச் சிவக்குமார் அண்ணனிடம் சொன்னால் சிரிப்பார். அவர் கெட்டவர் இல்லை. முதல் மாதம் எனக்கு ட்ரையல். பட்டுவாடா ஆகாமல் ஹப்புக்குத் திரும்பி வரும் பார்சல் அதிகமானால் ட்ரையல் முடிந்ததும் கிளம்ப வேண்டியதுதான் என்று அவர் மூஞ்சிக்கு நேராகவே சொல்லியிருந்தார். நான் எப்படியாவது நிலைத்துவிட வேண்டும் என்று அவருக்கும் ஆசை இருந்தது. அதனால்தான் அந்தக் குறுக்கு வழியைச் சொல்லிக்கொடுத்தார்.

"ஆரஞ்சுமேடு எஸ்டேட்ல லைன் ஊடு ஊடா ஏறி எறங்கீட்டு இருக்காத. பொழுது போயிரும். பார்சல் எல்லாத்தையும் ரைட்டர் ஆபீஸ்ல போட்டுரு. மத்தியானம் பழம் எடை போடறதுக்கு அத்தனை பேரும் அங்கதான் வருவாங்க. ஓடிபி வாங்கீட்டு அஞ்சு நிமிசத்துல வந்துரலாம்."

ஓடிபி என்பது ஆர்டர் போட்டவர்களின் போனுக்கு வரும் நம்பர். அதை அவர்கள் சொல்லி, நான் என் போனில் போட்டால்தான் பார்சல் கொடுத்ததாகக் கணக்கு. மேப்பில் குத்தியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றால்தான் அந்த பட்டனே திறக்கும். ஆரஞ்சுமேட்டில் வரிசை வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் இருக்கும் யாருக்கும் தனி விலாசம் கிடையாது. அத்தனை பேரின் விலாசமும் எஸ்டேட் ஆபீஸ் மேல்தான் குத்தியிருக்கும்.

நான் தினமும் பார்சல் கொண்டுபோகும் தலைச்சோலைக்கு வழியில் இருக்கிறது ஆரஞ்சுமேடு. சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே தார் போன ஒரு ரோடு, ஒரு இரும்பு கேட், உள்ளே ஆபீஸ், பக்கத்தில் பழம் எடை போடும் களம். களத்துக்குக் கீழே பழத்தோலை உரிக்கும் பல்பர் மெஷின் ஓடும். காபித் தோல் அழுகும் நாற்றம் மூக்கைத் துளைக்கும். முதல் தடவை போனபோது நான் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நின்றேன். நாற்றம் பல்பரிலிருந்து மட்டும் வரவில்லை என்று கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிட்டது.

ரைட்டர் முனியப்பன். ஐம்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் பட்டை. பெண்கள் சாக்கோடு வரிசையில் நின்றிருந்தார்கள். ஒவ்வொரு சாக்காக எடை போட்டு நோட்டில் எழுதினார். பக்கம் புரட்டும்போதெல்லாம் ஆள்காட்டி விரலை நாக்கில் வைத்து ஒரு இழுப்பு. ஐயோ! நாக்கை அவ்வளவு தூரம் வெளியே நீட்ட வேண்டிய அவசியமே இல்லை.

எடை முடிந்ததும் நான் பார்சல்களை வைத்தேன். பெயரைக் கூப்பிட்டேன். பானு என்று ஒரு பெண், பதினெட்டு பத்தொன்பது இருக்கும், முன்னால் வந்து நம்பரைச் சொன்னாள். நான் பார்சலை அவளிடம் நீட்டினேன். ரைட்டர் நடுவில் கையை விட்டு வாங்கிக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்தார். கவரைக் கிழித்தார். உள்ளே இருந்த பாலிதீன் திறக்க வரவில்லை. விரலை நாக்கில் வைத்து நனைத்து, தேய்த்துத் திறந்தார். ஒரு நைட்டி, இரண்டு உள்ளாடை. நைட்டியை உதறிப் பிடித்து வெளிச்சத்துக்குத் தூக்கிக் காட்டினார்.

"ஏம்புள்ள, இது போட்டாலும் ஒன்னுதான், போடாட்டியும் ஒன்னுதான். என்னத்துக்கு இது?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். பானுவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. அவர் உள்ளாடையையும் விடவில்லை. எலாஸ்டிக்கை இழுத்து இழுத்து விட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். அத்தனையிலும் அந்த எச்சில் விரல் பட்டது.

"நீங்க என்னத்துக்குங்க பிரிக்கறீங்க?" என்று கேட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எஸ்டேட்டுக்குள்ள என்ன வருது என்ன போகுதுன்னு எனக்குத் தெரியோணும். கஞ்சா கிஞ்சா வந்துச்சுன்னா மொதலாளிக்கு நீயா பதில் சொல்லுவ?"

நைட்டிக்குள் கஞ்சாவா? த்தூ! சொல்லும்போது அவர் கண் கூச்சமில்லாமல் இன்னும் பானு கையிலிருந்த துணியில்தான் இருந்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை. எப்படித் திறப்பார்கள்? நாளைக்கு யார் யாருக்கு வேலை என்று பேர் எழுதுகிற நோட்டும் அதே கையில்தான் இருக்கிறது.

ஹப்புக்கு வந்து சிவக்குமார் அண்ணனிடம் கத்தினேன். "அந்தாளு மனுசனாங்ண்ணா? பொம்பளைங்க துணிய எச்சப் பண்ணித் தடவிப் பாக்கறான்!"

"நம்ம வேல கேட்டோட முடிஞ்சுது மோனிஷா. அவங்க எஸ்டேட் வழக்கம், நாம என்ன பண்ண முடியும்?" என்றார். அப்புறம் வழக்கம்போல, "நாலு நாள் போனாப்..." என்று ஆரம்பித்தார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

ரெண்டாவது வாரம் ஆரஞ்சுமேட்டிலிருந்து வண்டியைக் கிளப்பும்போது பின்னாலிருந்து ஒரு குரல். "ஏனுங்க கண்ணு! ஒரு நிமிசம் நில்லு கண்ணு!"

முப்பத்தைந்து வயதிருக்கும். பழம் பறிக்கிற பெண்கள் எல்லோரையும் போல சேலைக்கு மேல் தொளதொளவென்று ஆம்பிளைச் சட்டை போட்டிருந்தாள். தலையில் துண்டு. ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. ஒரு கையால் நெஞ்சை அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேர் மேனகா, மூணாவது லைன் என்றாள்.

"எனக்கு ஒரு பார்சல் வருதுங்க கண்ணு. அத மட்டும் ரைட்டர் கையில குடுத்துராத. என்ன ஆனாலும் சரி, குடுத்துராத."

"என்னங்க்கா இருக்குது அதுல?"

அவள் கேட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "துணிதான் சாமி. நொம்ப நாளா யோசிச்சு யோசிச்சு இப்பத்தான் போட்டேன். தங்கச்சி புள்ளதான் போன்ல போட்டுக் குடுத்துச்சு."

அவள் ஒரு வழியும் வைத்திருந்தாள். மேல் காட்டில் ஒரு பாறை இருக்கிறது. ஆபீஸை விட்டால் எஸ்டேட்டில் சிக்னல் கிடைக்கிற இடம் அது ஒன்றுதான். நான் கேட் பக்கம் வந்ததும் போன் பண்ண வேண்டும். அவள் பாறை மேல் ஏறி நம்பரைச் சொல்வாள். பட்டன் திறந்து நம்பரைப் போட்டதும் நான் பார்சலைப் பையிலேயே வைத்துக்கொண்டு ரோட்டோடு மேலே போக வேண்டும். தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில் அவள் வந்து வாங்கிக்கொள்வாள்.

"கண்டிப்பா அப்படியே பண்றேனுங்க்கா. அந்தாளு கைக்கு எதுக்குப் போகுது? எனக்கே அந்தாளக் கண்டா வாந்தி வருது" என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமாங்க்கா."

அவள் என் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்தினாள். பழப் பிசினும் மண்ணும் ஒட்டிய கை. எனக்கு அது அசிங்கமாகப் படவில்லை.

பார்சல் சனிக்கிழமை வந்தது. சின்ன அட்டைப்பெட்டி, எடையே இல்லை. அன்றைக்குப் பார்த்து நாற்பத்தொரு பார்சல். அந்த வாரம் ஏற்கெனவே ஒன்பது திரும்பியிருந்தது. "இன்னைக்கு ஒன்னுகூடத் திரும்பி வரக்கூடாது, சொல்லிட்டேன்" என்று சிவக்குமார் அண்ணன் காலையிலேயே சொல்லித்தான் அனுப்பினார். லேக் ரோடு முழுக்க டூர் வண்டிகள். ஒருத்தன் காரை நடு ரோட்டில் நிறுத்திவிட்டுக் குரங்குக்குச் சிப்ஸ் போட்டுக்கொண்டிருந்தான். குரங்கு என் வண்டி மேல் ஏறி உட்கார்ந்தது. அவன் அதை வீடியோ எடுத்தான். அவன் மூஞ்சியில் அந்தக் குரங்கே காறித் துப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆரஞ்சுமேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை தாண்டிவிட்டது. களத்தில் எடை நடந்துகொண்டிருந்தது. காலையில் சாப்பிட்டது ஒரு பன் மட்டும்.

கேட்டுக்கு வெளியிலேயே நின்று மேனகா அக்காவுக்குப் போன் போட்டேன். உடனே எடுத்தாள். பாறை மேலேயே காத்துக்கொண்டு நின்றிருக்கிறாள் போலிருக்கிறது. காற்றுச் சத்தத்துக்கு நடுவே ஒவ்வொரு நம்பராக, பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். போட்டேன். பச்சை டிக் விழுந்தது.

"வந்துருச்சா கண்ணு?"

"வந்துருச்சுங்க்கா. தொட்டிகிட்ட வாங்க, மத்ததக் குடுத்துட்டு வந்தர்றேன்."

அதுதான் நான் செய்த முதல் முட்டாள்தனம். நேராக மேலே போயிருக்க வேண்டும். மற்ற ஆறு பார்சலும் இருந்ததால் முதலில் களத்துக்குள் போனேன். ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். ஓடிபி வாங்கினேன். பையை மூடும்போது ரைட்டரின் கண் உள்ளே போய்விட்டது.

"அதென்ன, ஒன்ன மட்டும் உள்ள ஒளிச்சு வெக்கற?"

"அது வேற இடத்துக்குங்க."

"வேற இடமா? ஆரஞ்சுமேடுன்னு எழுதியிருக்குது. எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நெனைச்சியா?" பையின் வாயை விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டு பார்த்தார். "மேனகா. மூணாவது லைன். ஓஹோ! அவளுக்கு மட்டும் தனியாக் கொண்டுபோய்க் குடுக்கற அளவுக்கு அப்படி என்ன வருது?"

"அவங்க ஓடிபி சொல்லிட்டாங்க. அவங்க கையிலதான் குடுக்கோணும்."

"அப்படியா? சரி, குடு. ஆனா இந்தக் கேட்டுக்குள்ள இனி உன் வண்டி வராது. எஸ்டேட் ரோட்லயும் போக முடியாது. தலைச்சோலைக்குச் சுத்திக்கிட்டுப் போ. சிவக்குமார்கிட்ட நானே சொல்லிர்றேன்." போனை எடுத்துவிட்டார்.

இங்கேதான் நான் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு போயிருக்கலாம். பச்சை டிக் விழுந்தாயிற்று. என் கணக்கில் அது கொடுத்த பார்சல். சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் வைத்துக் கொடுத்திருக்கலாம், ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கே நடந்து போயிருக்கலாம். இதெல்லாம் அப்புறம் யோசித்துக் கண்டுபிடித்தது இல்லை. அங்கே நிற்கும்போதே எனக்குத் தெரியும். அதோடு இன்னும் இருபத்தாறு பார்சல் வண்டியில் இருந்ததும் தெரியும். பசி வேறு. அந்த ரோட்டை அடைத்தால் தினமும் ஒரு மணி நேரம் சுற்ற வேண்டும். அப்புறம் மனதுக்குள் நான் சொல்லிக்கொண்டதுதான் எல்லாவற்றையும்விட அசிங்கம். என்ன பெரிய ரகசியம், பாடியாகத்தான் இருக்கும், எல்லாருடையதையும்தான் பார்க்கிறான், இவளுடையதையும் பார்க்கட்டுமே, ரெண்டு நிமிஷ வெட்கம், போய்விடும். அப்படித்தான் நினைத்தேன். சத்தியம் செய்து முழுசாக ஐந்து நாள்கூட ஆகவில்லை.

பெட்டியை எடுத்துக் கொடுத்தேன்.

வண்டியை எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம் என்று பார்த்தால், சாக்கு ஏற்ற வந்த டிராக்டர் கேட்டை அடைத்துக்கொண்டு நின்றது. அதனால் அங்கேயே நின்று பார்க்க வேண்டியதாயிற்று.

ரைட்டர் பெட்டியைக் கிழித்தார். உள்ளே பாலிதீன். விரல் நாக்குக்குப் போய் வந்தது. பாலிதீனுக்குள்ளிருந்து உடம்பு நிறத்தில், பஞ்சு அடைத்த ஒரு சாமான் வந்தது. உள்ளங்கை அளவு, ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் உருண்டை. துணி மெத்தென்று நல்ல துணி.

"இதென்னது?" அவர் அதை அழுத்திப் பார்த்தார். மறுபடியும் அழுத்தினார். "குட்டித் தலகாணியா? ஒன்னே ஒன்னுதான் இருக்குது. இன்னொன்னு எங்க?" தூக்கிப் போட்டுப் பிடித்தார். "ஏனுங்க, யாருக்காச்சும் தெரியுமா இது என்னன்னு?"

பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவைக்கும்போது சிரித்தாக வேண்டும். அருக்காணி அக்கா ஒருத்திதான் சிரிக்கவில்லை. களத்திலேயே மூத்தவள் அவள். அதையே உற்றுப் பார்த்தாள், பிறகு முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அப்போதும் புரியவில்லை. அருக்காணி அக்காவின் முகத்தைப் பார்த்தபிறகுதான் இது சிரிக்கிற சாமான் இல்லை என்று பட்டது.

மேனகா அக்கா மேட்டிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தாள். தொட்டிக்கிட்டே நின்று பார்த்திருக்கிறாள், நான் வரவில்லை. சிரிப்புச் சத்தம் கேட்டு வந்திருக்கிறாள். களத்தில் கால் வைத்ததும் அவர் கையில் இருப்பதைப் பார்த்தாள். நின்றுவிட்டாள். பிறகு மெதுவாக வந்தாள்.

"அது என்னுதுங்க" என்றாள்.

"உன்னுதுதான், தெரியுது. என்னது இது?"

"குடுத்துருங்க."

"என்னதுன்னு சொல்லு, குடுக்கறேன்."

அவள் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மாருங்க" என்றாள். "ஆறு மாசத்துக்கு முன்ன கல்லு ஆபரேசன்னு சொல்லி லீவு கேட்டேனில்லீங்க. கல்லு இல்லீங்க. புத்துநோய்ங்க. சேலத்துல ஒரு பக்கம் எடுத்துட்டாங்க. அதுக்குப் பதிலா உள்ள வெச்சுக்கறதுங்க இது. ஒன்னுதானுங்க வரும். இன்னொன்னு இருக்குதுங்க."

ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு 'ங்க' போட்டாள். அந்த ஆளுக்குப் போய் மரியாதை!

ரைட்டருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் என்ன செய்தார் தெரியுமா? கையிலிருந்ததைப் பட்டென்று விட்டுவிட்டார். அது எடைத் தட்டின் விளிம்பில் பட்டுப் பழச் சேற்றில் விழுந்தது. அவர் கையைச் சட்டையில் துடைத்தார். சட்டையைப் பார்த்தார். உடனே சாக்கில் துடைத்தார். ஊரார் உள்ளாடையெல்லாம் நாக்கால் நனைத்துத் தடவின கை, அப்போதுதான் அதற்கு அருவருப்பு வந்தது.

"தொட்டா ஒட்டிக்காதில்ல?" என்று கேட்டார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. பதிலுக்கும் நிற்கவில்லை. ஆபீஸ் வாசலில் இருந்த குழாய்க்குப் போய்ச் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினார். கழுவிக்கொண்டே சொன்னார். "நாளையில இருந்து நீ வர வேண்டாம் மேனகா. மொதலாளியக் கேட்டுச் சொல்றேன். காபிப் பழம், நாலு பேர் வாயில போற பொருளு. இந்தச் சீக்க வெச்சுக்கிட்டுச் சொல்லாம இருந்திருக்கற பாரு."

அருக்காணி அக்கா எழுந்தாள். அவள் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை. "கைய எத்தன தடவ கழுவுவீங்க ரைட்டரே?" என்றாள். "அந்த வாயக் கழுவுங்க மொதல்ல."

அவர் திரும்பிப் பார்த்தார். அருக்காணி அக்கா கண்ணை எடுக்கவில்லை. அவர்தான் உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. ஒருத்தியும் சாக்கைத் தூக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பவில்லை. பானு குனிந்து சேற்றிலிருந்து அதை எடுத்தாள். தன் துண்டால் சுத்தமாகத் துடைத்தாள். துடைக்கத் துடைக்கச் சிவப்புக் கறை பரவியது, போகவில்லை.

மேனகா அக்கா அதை வாங்கிக்கொண்டாள். நான் கிட்டே போனேன். "அக்கா" என்றேன். மறுபடியும், "அக்கா, அவன் ரோட்ட அடைச்சுருவேன்னு சொன்னான். எனக்கு வண்டியில இன்னும் நெறைய பார்சல் இருந்துச்சுங்க்கா. இது இன்னதுன்னு நீங்க சொல்லியிருந்தா..."

அவள் மேலேயே பழியைத் திருப்புகிறேன்!

"சொல்லியிருந்தா குடுத்திருக்க மாட்டியா கண்ணு?" என்றாள் அவள்.

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். "மாட்டேன்" என்று சொல்ல வாயெடுத்தேன். அது பொய்யா நிஜமா என்று எனக்கே தெரியவில்லை. அவள் காத்திருந்து பார்த்தாள். பிறகு அந்தப் பஞ்சுச் சாமானைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டாள். என் முகத்தை விட்டுவிட்டு என் கையைப் பார்த்தாள்.

"கழுவிக்கிட்டுப் போ சாமி" என்றாள். "நீயும்தான தொட்ட. அங்க சோப்பு இருக்குது."

அவள் நக்கலாகச் சொன்னாளா, நிஜமாகவே நான் பயப்படுவேன் என்று நினைத்துச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சொல்லிவிட்டுத் திரும்பி லைன் வீட்டுப் பக்கம் நடந்தாள். அருக்காணி அக்காவும் பானுவும் அவளோடு போனார்கள். மற்றவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு விலகிப் போனார்கள்.

டிராக்டர் நகர்ந்து கேட் திறந்திருந்தது. நான் குழாய்ப் பக்கம் போனேன். அந்த ஆள் தேய்த்த நுரை சோப்பின் மேல் அப்படியே இருந்தது. அதே சோப்பை எடுத்து நானும் கழுவினேன்.